ஸ்நோவுக்கு வாங்கிய சப்பாத்து ஐஸில் ஏன் வழுக்குகிறது?

கேள்வி: அடுத்த மாதம் என் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வருகிறார். வயது 71. பெட்டியில் ‘மைனஸ் 40’ என்று போட்டிருந்த ஸ்நோ பூட்ஸ், அவருக்கு ஒரு சோடி, எனக்கு ஒரு சோடி வாங்கினேன். போன கிழமை அதைப் போட்டுக்கொண்டு வாசற்படி இறங்கிய இடத்திலேயே விழுந்துவிட்டேன். அன்றைக்கு ஸ்நோ இல்லை, வெறும் ஐஸ். போட்டு நடந்ததைத் திருப்பி எடுக்க முடியாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். ஸ்நோவும் ஐஸும் ஒன்றுதானே? பிழை சப்பாத்திலா?

பதில்: அம்மாவின் சோடி இன்னும் பெட்டியோடு இருந்தால், பில்லையும் எடுத்துக்கொண்டு இன்றைக்கே கடைக்குப் போங்கள். பழுதில்லாத பொருளைத் திருப்பி எடுக்கவேண்டும் என்று ஒன்ராறியோவில் சட்டம் இல்லை. அது கடையின் சொந்த விதி. பெரும்பாலும் பில்லிலேயே அச்சடித்திருப்பார்கள், நாள் கணக்கோடு. உங்களுடைய சோடி கஷ்டம்தான். ‘ஐஸில் வழுக்காது’ என்று பெட்டியில் எழுதியிருந்தாலோ, விற்றவர் சொல்லியிருந்தாலோ கதை வேறு. பொய்யான விவரத்தை நம்பி வாங்கியதை ஒரு வருடத்துக்குள் ரத்துச் செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் மைனஸ் 40 என்பது கால் விறைக்காது என்பதற்கான எண் மட்டுமே. அதுவும் ஒவ்வொரு கம்பனியும் தன் கணக்கில் போடுவது. வழுக்குவதைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்லவில்லை.

சரி, ஸ்நோவும் ஐஸும் ஒன்றா? நம் பேச்சில் ‘பனி’ என்ற ஒரு சொல் எல்லாவற்றையும் சுமக்கிறது. மார்கழிக் காலையில் புல்லில் நிற்பதும் பனிதான், இங்கே கொட்டுவதும் பனிதான். அதனால் வந்த குழப்பம் இது. ஸ்நோ என்பது மேகத்துக்குள் நீராவி நேரே படிகமாகி, ஆறு கைப் பூவாக வளர்ந்து விழுவது. புதிதாக விழுந்த ஸ்நோவில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. கால் அதில் புதையும். பூட்ஸின் ஆழமான பள்ளங்களுக்குள் ஸ்நோ புகுந்து இறுகி, கீழே கிடக்கும் ஸ்நோவைப் பிடித்துக்கொள்ளும். ஐஸ் உறைந்த தண்ணீர். பள்ளம் கடித்துப் பிடிக்க அதில் ஒன்றுமே இல்லை. அதன் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் ஒன்று எப்போதும் இருக்கும். பூச்சியத்தை நெருங்க நெருங்க அது தடிக்கும். அதனால்தான் மைனஸ் 20-ஐ விட மைனஸ் 1-இல் கூடுதலாக வழுக்கும். குளிர் குறைந்துவிட்டது என்று நாம் துணிந்து வெளிக்கிடுகிற நாளும் அதுதான்.

ஆழப் பள்ளம் வைத்த அடி, ஐஸில் உங்களுக்கு எதிராகவே வேலை செய்யும். தரையில் படும் ரப்பரின் பரப்புக் குறைகிறது. அந்த ரப்பர் குளிரில் இறுகும் வகை என்றால் கண்ணாடியில் பிளாஸ்டிக் வைத்தது போல.

எனக்கும் இது நடந்தது. முதல் நாள் மத்தியானம் வெயிலில் கூரை ஸ்நோ உருகி, பீலிக் குழாயால் இறங்கி, நடைபாதைக்குக் குறுக்கே ஓடியிருக்கிறது. இரவு அது உறைந்துவிட்டது. காலையில் பார்த்தால் தார் கறுப்பாக, மழை பெய்து ஈரமானது போல் கிடந்தது. ஈரம் என்றுதான் கால் வைத்தேன். மணிக்கட்டில் ஆறு கிழமை கட்டு. 71 வயதில் அது மணிக்கட்டோடு நிற்காமல் இடுப்பெலும்பாகிவிடலாம். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

எதைப் பார்த்து வாங்குவது? ரொறன்ரோவிலேயே நல்ல வழிகாட்டி இருக்கிறது. ரொறன்ரோ ரிஹாப் என்ற மறுவாழ்வு மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் ஐஸ் தரை போட்ட ஓர் அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிப்பார்கள். பாதுகாப்புக் கச்சை கட்டிய ஆட்கள் பூட்ஸோடு அதில் ஏறி இறங்குவார்கள். காய்ந்த ஐஸிலும் ஈர ஐஸிலும் 7 பாகைச் சரிவு வரை வழுக்காவிட்டால் அந்தச் சப்பாத்துக்கு ஒரு பனிப்பூ, 11 என்றால் இரண்டு, 15 என்றால் மூன்று. 2016-இல் முதன்முதலாக வெளியிட்ட முடிவில், சோதித்த 98 சோடிகளில் 9 மட்டுமே தேறின. அவர்களின் ‘ரேட் மை ட்ரெட்ஸ்’ பக்கத்தில் மாடல் வாரியாகப் பார்க்கலாம். தேறியவற்றில் பலவற்றின் அடி ரப்பருக்குள் கண்ணாடி இழை போன்ற சொரசொரப்பான பொருள் கலந்திருக்கும். கடையில் பூட்ஸைக் கவிழ்த்து, அடியில் பெருவிரலை அழுத்தி இழுத்துப் பாருங்கள். அரத்தாளைத் தொட்டது போல் இருக்கவேண்டும். வழவழவென்று விரல் ஓடினால் வைத்துவிட்டு வாருங்கள்.

உங்கள் பழைய சோடிக்கு, மேலே மாட்டும் ஆணிப்பட்டி ஒன்று வாங்கினால் போதும். அம்மாவுக்கு அது வேண்டாம். ஒவ்வொரு வாசலிலும் குனிந்து கழற்றி மாட்டவேண்டும். கழற்றாமல் கடைத்தொகுதியின் மாபிள் தரையில் நடந்தால், ஆணியே வழுக்கும்.

அப்புறம் உப்பு. மிதிபட்ட ஸ்நோதான் இறுகி ஐஸாகிறது, எனவே கொட்டியவுடன் தள்ளிவிடுங்கள். மிஞ்சும் ஐஸுக்கு மட்டும் உப்பு. சாதாரண கல்லுப்பு மைனஸ் 10-க்குக் கீழே அநேகமாக வேலை செய்யாது. அந்த நாட்களுக்கு கால்சியம் குளோரைட் என்று எழுதிய பை, இல்லையென்றால் மணல்.

கேள்வி: ரயரில் மலைக்குள் பனிப்பூ அடையாளம் இருந்தால் ஐஸிலும் பிடிக்குமா?

பதில்: அந்த அடையாளம் இறுகிய ஸ்நோவில் இழுவையைச் சோதித்துத் தருவது. ஐஸில் சோதிப்பதில்லை. வெறும் ‘எம் பிளஸ் எஸ்’ (சேறும் ஸ்நோவும்) எழுத்துக்கு அந்தச் சோதனைகூடத் தேவையில்லை. ஐஸுக்கு வேண்டியது குளிரிலும் இளகி நிற்கும் ரப்பரும், அதில் நெருக்கமாக வெட்டிய மெல்லிய கீறல்களும். அது முழுக் குளிர்கால ரயரில்தான் கிடைக்கும். கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை மலைக்குள் பனிப்பூ அடையாளமுள்ள ரயர் சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆனால் குளிர்கால ரயர் போட்டால் காப்புறுதிக் கம்பனி கழிவு தரவேண்டும் என்பது 2016 ஜனவரி முதல் விதி. ரயர் பில்லை அனுப்பி நீங்களே கேளுங்கள்.