மூன்று ஆட்டத்தோடு நின்ற சீசன்: வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில், 1939-ல் இங்கிலாந்தின் கால்பந்து லீக் இரண்டாம் உலகப் போரால் மூன்றே ஆட்டத்தில் நின்றுபோனதைப் போகிற போக்கில் சொல்லியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டு கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து கேள்விகள் குவிந்துவிட்டன. இந்த முறை முழுக்க அவைதான்.

மூன்று ஆட்டத்தில் விழுந்த கோல்கள், பாயின்ட்கள் எல்லாம் என்ன ஆயின? முதலிடத்தில் இருந்தவர்களுக்குக் கோப்பையைக் கொடுத்திருக்கக் கூடாதா? (கோபிசெட்டிபாளையம் வாசகர்)

சீசன் தொடங்கியது 1939 ஆகஸ்ட் 26, சனிக்கிழமை. செப்டம்பர் 2, சனிக்கிழமையும் ஆடினார்கள். மறுநாள் ஞாயிறு போர் அறிவிக்கப்பட்டது. அப்போது முதல் டிவிஷனில் பிளாக்பூல் மூன்றையும் வென்று 6 பாயின்ட்டோடு முதலிடத்தில் இருந்தது. (வெற்றிக்கு அந்நாளில் 2 பாயின்ட்தான்.) ஆனால் ஓர் அணி ஆட வேண்டியது 42 ஆட்டம். பதினான்கில் ஒரு பங்கை வைத்துக் கோப்பை கொடுக்க முடியாது. அந்த முடிவில் எனக்குக் குறையில்லை.

குறை வேறிடத்தில். ஆடிய ஆட்டங்களையே அதிகாரபூர்வப் பதிவிலிருந்து எடுத்துவிட்டார்கள். அந்த மூன்றில் மட்டும் இறங்கிய ஒரு பையன் லீக்கில் ஆடியதாகவே கணக்கில் வரமாட்டான். பட்டம் இல்லை என்று எழுதிவிட்டு, கோலையும் பெயரையும் அப்படியே விட்டிருக்கலாம். 1946 ஆகஸ்ட் 31-ல் லீக் மறுபடி தொடங்கியபோது, 1939-க்குப் போட்டுவைத்த அதே ஃபிக்சரை எடுத்து ஆடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அட்டவணை பிழைத்தது, ஆடியவன் கணக்கு பிழைக்கவில்லை.

உக்ரைனில் 2022-ல் வேறு மாதிரி செய்தார்கள். பிப்ரவரி 24-ல் படையெடுப்பு தொடங்கியபோது ஷக்தார் 47, டைனமோ கீவ் 45 பாயின்ட். பட்டம் யாருக்கும் இல்லை என்றார்கள். ஆனால் ஐரோப்பியப் போட்டிகளுக்கு அணிகளை அனுப்ப அந்தப் பட்டியலையே வைத்துக்கொண்டார்கள். இதுதான் நியாயமான வழி.

லீக் நின்றதும் ஆட்டக்காரர்கள் பிழைப்புக்கு என்ன செய்தார்கள்? (பல்லடம் வாசகி)

ஒப்பந்தங்கள் நிறுத்தப்பட்டன. போருக்கு முன் உச்சச் சம்பளம் சீசனில் வாரத்துக்கு 8 பவுண்ட். போர்க்கால ஆட்டங்களுக்குக் கிடைத்தது ஆட்டத்துக்கு 30 ஷில்லிங், அதாவது ஒன்றரை பவுண்ட். ஆட்டம் இல்லாத வாரம் அதுவும் இல்லை. ஆனால் ஆட்டக்காரரின் பதிவு மட்டும் பழைய கிளப்பிடமே இருந்தது. சம்பளம் கொடுக்காத முதலாளி, வேறிடத்துக்கும் விடாத கதை.

அதற்கு மாற்றாக வந்ததுதான் விருந்தாளி ஆட்டக்காரர் ஏற்பாடு. ராணுவமோ தொழிற்சாலையோ ஆளை எந்த ஊரில் போடுகிறதோ, அந்த ஊர் அணிக்கு ஆடலாம். ஆல்டர்ஷாட் என்ற சின்ன கிளப் ராணுவ முகாம் ஊரில் இருந்ததால் ஜோ மெர்சர், ஸ்டான் கல்லிஸ், டாமி லாட்டன் போன்ற இங்கிலாந்து அணிக்காரர்கள் அதற்கு ஆடினார்கள். 1940 கிறிஸ்துமஸ் அன்று லென் ஷேக்கில்டன் என்ற ஆட்டக்காரர் காலையில் பிராட்ஃபோர்ட் பார்க் அவென்யூவுக்கும் பிற்பகலில் பிராட்ஃபோர்ட் சிட்டிக்கும் ஆடினார்.

எல்லோருக்கும் இப்படி வாய்க்கவில்லை. போல்டன் வாண்டரர்ஸ் ஆட்டக்காரர்கள் பெரும்பாலோர் ஒன்றாகப் படையில் சேர்ந்தார்கள். அணியின் கேப்டன் ஹாரி காஸ்லின் 1943 டிசம்பரில் இத்தாலியில் பட்ட காயத்தால் இறந்தார்.

ஏனுங்க, எங்க ஊர் லீக்கில் எட்டு டீம். மழையாலும், மைதானத்தைத் தேர்தல் வேலைக்கு எடுத்துக்கிட்டதாலும் பாதியில நின்னுபோச்சுங்க. சில டீம் 6 ஆட்டம், சில டீம் 5. போர்க்காலத்துல இதை எப்படிச் சமாளிச்சாங்க? நாங்க எப்படிக் கணக்குப் போடறது? (பொள்ளாச்சி, கிளப் செயலாளர்)

1940-41-ல் இங்கிலாந்துக்கும் இதே சிக்கல். ரயில் இல்லை, ஆள் இல்லை, வானில் குண்டு. எல்லா அணியாலும் ஒரே எண்ணிக்கையில் ஆட முடியவில்லை. பாயின்ட்டை ஒதுக்கிவிட்டுக் கோல் ஆவரேஜ் வைத்து வரிசைப்படுத்தினார்கள். அடித்த கோலை, வாங்கிய கோலால் வகுப்பதுதான் அது. 30 அடித்து 15 வாங்கினால் 2.00. 12 அடித்து 5 வாங்கினால் 2.40. இரண்டாவது அணி மேலே.

இதை நீங்கள் செய்யாதீர்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று நடந்ததைப் பாருங்கள். பிரைட்டன் அணி ஐந்தே ஆளோடு நாரிச்சுக்கு வந்து சேர்ந்தது. மீதி இடத்துக்கு நாரிச்சின் ரிசர்வ் பையன்களையும், வேடிக்கை பார்க்க வந்த சிப்பாய்களையும் நிறுத்தினார்கள். நாரிச் 18, பிரைட்டன் 0. இப்போது, 40 அடித்து 30 வாங்கிய ஓர் அணியை வைத்துப் பாருங்கள். ஆவரேஜ் 1.33. அதன் கணக்கில் இப்படி ஒரு 18 ஏறினால் 58-க்கு 30, அதாவது 1.93. ஒரே நாளில், அதுவும் எதிரே அணியே இல்லாத ஆட்டத்தில். கோலே வாங்காத அணி இருந்தால் வகுக்கவே முடியாது. இங்கிலாந்து லீக்கே 1976-ல் இதைக் கைவிட்டுக் கோல் வித்தியாசத்துக்கு (அடித்ததிலிருந்து வாங்கியதைக் கழிப்பது) மாறிவிட்டது.

உங்களுக்கு ஏற்றது, ஓர் ஆட்டத்துக்கு எத்தனை பாயின்ட் என்ற கணக்கு. 6 ஆட்டத்தில் 13 எடுத்த அணிக்கு 2.167. 5 ஆட்டத்தில் 11 எடுத்த அணிக்கு 2.200. இரண்டாவதுதான் முன்னே. இரண்டு தசமமாவது எழுதுங்கள், ஒன்றோடு நிறுத்தினால் வீண் சமன் வரும். சமன் வந்தால் அவர்கள் இருவரும் மோதிய ஆட்டத்தைப் பாருங்கள், அதுவும் நடக்கவில்லையென்றால் கோல் வித்தியாசத்தை ஆட்ட எண்ணிக்கையால் வகுங்கள். எதிரணி வராமல் கிடைத்த வாக்கோவருக்குப் பாயின்ட் உண்டு, கோல் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

எட்டு அணி ஒரு சுற்று ஆடினால் 28 ஆட்டம். அதில் 21 முடிந்தால்தான் பட்டம், குறைந்தால் பட்டம் இல்லை என்று ஒரு வரம்பும் தேவை. ஆனால் இதையெல்லாம் லீக் தொடங்கும் முன்பே எழுதி, எட்டு கேப்டனிடமும் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நின்ற பிறகு எந்தச் சூத்திரத்தைக் கொண்டுவந்தாலும் அது யாரோ ஒருவருக்குச் சாதகமாகத்தான் தெரியும், சண்டை தீராது. இந்த வருடத்துக்கு, முதல் இரண்டு அணியை ஒரே ஒரு ஆட்டம் ஆடவிட்டு முடித்துக்கொள்வது உத்தமம்.

போர்க்காலத்தில் விமானத் தாக்குதல் சைரன் ஊதினால் ஆட்டம் என்ன ஆகும்? (ஈரோடு, கல்லூரி மாணவர்)

இங்கிலாந்தில் 1940-ல் முதலில் சைரன் ஊதியதும் நிறுத்தினார்கள். பிறகு கூரைமேல் விமானம் பார்க்க ஆள் போட்டு, அவர் கை காட்டினால் மட்டும் நிறுத்தினார்கள். உக்ரைனில் 2022 ஆகஸ்ட் 23-ல் லீக் மீண்டபோது பார்வையாளர் கிடையாது. சைரன் ஊதினால் இரு அணியும் பதுங்கிடத்துக்குப் போக வேண்டும். அந்த மாதமே ருக் லிவிவ், மெட்டலிஸ்ட் கார்கிவ் ஆட்டம் நாலு முறை நின்று, முடிய நாலரை மணி நேரம் ஆனது. நின்று தொடங்கும்போது தொடைப் பின்தசை பிடித்துக்கொள்வதுதான் பெரிய ஆபத்து. அரை மணிக்கு மேல் உட்கார்ந்துவிட்டால், மறுபடி பத்து நிமிடமாவது ஓடி உடம்பைச் சூடாக்காமல் இறங்கக் கூடாது. மழைக்கு நின்ற ஆட்டத்துக்கும் இது பொருந்தும்.

இரண்டாம் உலகப் போரின்போது நம் நாட்டில் பந்து உருண்டதா? (காங்கேயம் வாசகர்)

உருண்டது. டூரண்ட் கோப்பை 1940-ல் டில்லியில் நடந்தது. முகமதன் ஸ்போர்ட்டிங் வென்று, அதை எடுத்த முதல் இந்திய அணியானது. அப்புறம் போர் முடிந்தும் சில ஆண்டுகள் அந்தப் போட்டி இல்லை. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி பிறந்ததே 1941-ல், போருக்கு நடுவில்தான். முதல் இறுதியில் வங்காளம் 5-1 என்று டில்லியை வென்றது. ஈஸ்ட் பெங்கால் முதன்முதலில் கல்கத்தா லீக்கை வென்றது 1942.

அந்தக் காலத்துத் தோல் பந்து மழையில் கல்லாகிவிடும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் வீட்டில் பழைய பந்து ஒன்று இருக்கிறது, எப்படிப் பாதுகாப்பது? (ஈரோடு, தோல் மண்டித் தொழிலாளி)

உண்மை. 1937-லிருந்து விதிப்படி எடை 14 முதல் 16 அவுன்ஸ், நம் கணக்கில் 400-லிருந்து 450 கிராம் வரை. ஆனால் அது ஆட்டம் தொடங்கும்போது மட்டும். தோலும் தையல் நூலும் தண்ணீர் குடித்தபின் யாரும் நிறுத்துப் பார்ப்பதில்லை. வாயை இழுத்துக் கட்டிய வார் நெற்றியில் பட்டால் தோலைக் கிழிக்கும். மாட்டின் பின்புறத் தோலில் செய்த பந்து உருவம் கெடாது, தோள்பட்டைத் தோல் சீக்கிரம் இழுபட்டுக் கோணும். உங்கள் தொழிலில் இது தெரிந்த விஷயம்தான். 1942-ல் மலேயா ஜப்பானிடம் போனதும் ரப்பருக்கே பஞ்சம், உள்ளே இருக்கும் பிளாடருக்குச் சைக்கிள் டியூபுக்குப் போடுவதுபோல் ஒட்டுப்போட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

உங்கள் மண்ணுக்கு இதைவிட நெருக்கமான ஒன்று உண்டு. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்த சென்னை மாகாணத் தோலை, முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்ஸ் மேல்தோலுக்காக அரசே வாங்கி இங்கிலாந்துக்கு அனுப்பியது.

பந்தை வெயிலில் காயவைக்காதீர்கள், தையல் ஓரம் வெடிக்கும். ஈரத்துணியால் துடைத்து, நிழலில் இரண்டு நாள் விட்டு, தேன்மெழுகும் கொழுப்பும் சேர்த்த களிம்பை மெல்லியதாகத் தடவுங்கள். தையலில் கூடுதலாக. பழைய பிளாடரில் முழுக் காற்று அடிக்காதீர்கள். உருண்டை நிற்கும் அளவுக்குப் பஞ்சோ கந்தல் துணியோ அடைத்து வைத்தால் போதும்.