‘தளபதி’ என்ற சொல்லும் ஒரு புகைப்படமும்

கேள்வி: சென்ற இதழின் காஷ்மீர் கட்டுரையில் புர்ஹான் வானியை ‘ஹிஸ்புல் முஜாஹிதீன் தளபதி’ என்று குறிப்பிட்டதோடு, அவர் ராணுவ உடையில் துப்பாக்கியோடு இருக்கும் படத்தையும் அரைப் பக்கத்துக்கு வெளியிட்டிருந்தீர்கள். பள்ளித் தலைமையாசிரியரின் மகன், வசதியான வீட்டுப் பிள்ளை துப்பாக்கி எடுத்ததற்கு மதவெறியைத் தவிர வேறு என்ன காரணம் இருக்க முடியும்? அவரது உடலைக் குடும்பத்தாரிடம் ஒப்படைத்ததுதானே பிறகு நடந்த கலவரத்துக்கெல்லாம் காரணம்? ஒரு பயங்கரவாதிக்கு இத்தனை மரியாதை எதற்கு?
— வாசகர் ஒருவர், திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தச் சொல்லைப் பார்த்துவிடுவோம். ‘தளபதி’ என்பது நாங்கள் கொடுத்த பட்டம் அன்று. ஹிஸ்புல் முஜாஹிதீன் என்ற அந்தக் காஷ்மீர்த் தீவிரவாத அமைப்பில் அவர் வகித்த பொறுப்பின் பெயர். கொள்ளைக் கூட்டத்தின் தலைவனைத் தலைவன் என்று எழுதுகிறவர் எவரும் அவனுக்கு மாலை போடுவதாக அர்த்தமில்லை. (தமிழ்நாட்டில் அந்தச் சொல் கட்அவுட்டுகளில் ஏறி நெடுங்காலமாகிவிட்டதால், அது பாராட்டாகவே காதில் விழுகிறது போலும்.) ஆகவே அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுவதாக இல்லை.

அடுத்து, வசதியான வீட்டுப் பிள்ளை ஏன் போனார் என்கிறீர்கள். வறுமைதான் ஒருவரை ஆயுதத்தின் பக்கம் தள்ளும் என்ற கணக்கு காஷ்மீருக்கு என்றைக்குமே பொருந்தியதில்லை. 1994 செப்டம்பரில் புல்வாமா மாவட்டத்தின் டிரால் பகுதியில் பிறந்த புர்ஹான், 2010 அக்டோபரில் வீட்டைவிட்டுப் போனபோது அவருக்கு வயது 16 முடிந்து 17 நடந்துகொண்டிருந்தது. அந்த ஆண்டின் ஏப்ரல் மாதத்தில்தான், வேலை வாங்கித் தருவதாக அழைத்துச் செல்லப்பட்ட மூன்று கிராமத்து இளைஞர்கள் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டருகே மச்சிலில் சுட்டுக் கொல்லப்பட்டு, எல்லை தாண்டி வந்த தீவிரவாதிகள் என்று கணக்குக் காட்டப்பட்டனர். ஜூன் மாதம் ஸ்ரீநகரில் 17 வயது மாணவர் ஒருவர் கண்ணீர்ப்புகைக் குண்டு தலையில் தாக்கி இறந்தார். அந்தக் கோடையில் மட்டும் நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களில் பெரும்பாலானவர்கள் இளவயதினர். புர்ஹானும் அவருடைய அண்ணன் காலிதும் நண்பர் ஒருவரும் போகும் வழியில் நிறுத்தப்பட்டு, சிகரெட் வாங்கி வரச்சொல்லி அனுப்பப்பட்டு, வாங்கி வந்த பிறகும் அடிபட்டனர் என்றும், அந்த அவமானம் அவரை விடவே இல்லை என்றும் குடும்பத்தார் கூறுகின்றனர். ஒரு நாள் அடி ஒருவரைத் தீவிரவாதி ஆக்கிவிடும் என்று நான் வாதிடவில்லை. அடிபட்ட ஆயிரக்கணக்கானோர் அங்கே படித்துப் பட்டம் பெற்று வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கின்றனர். ஆனால் அந்த 2010-ஐ விட்டுவிட்டு மதவெறி என்ற ஒரே சொல்லில் கதையை முடிப்பவர், நோயாளியின் நாடியைப் பிடிக்காமலேயே மருந்துச் சீட்டு எழுதுகிறவர்.

மதத்தின் பங்கையும் மறைக்க வேண்டியதில்லை. அவருடைய காணொளிகளில் காஷ்மீரின் விடுதலை மட்டுமல்ல, கிலாஃபத் எனப்படும் இஸ்லாமிய மத ஆட்சியும் பேசப்பட்டது; உள்ளூர்க் காவலர்களுக்கு வெளிப்படையான மிரட்டலும் இருந்தது. 2016 ஜூனில் வெளிவந்த கடைசிக் காணொளியில், அமர்நாத் யாத்திரிகர்களைத் தாக்க மாட்டோம் என்று சொன்ன அதே வாய்தான், காஷ்மீர் இந்துக்களான பண்டிட்டுகளுக்கெனத் தனிக் குடியிருப்புகளோ முன்னாள் படைவீரர் குடியிருப்புகளோ அமைத்தால் தாக்குவோம் என்றும் எச்சரித்தது. இதில் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு அவரைப் புரட்சியாளர் ஆக்குகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் உங்களுக்கு எதிர்த்திசையில் நின்றுகொண்டு நீங்கள் செய்வதையே செய்கிறார்கள்.

சண்டைக்களத்தில் அவர் சாதித்தது என்ன என்று கேட்டால் பதில் மிகச் சுருக்கமானது. பெரிய தாக்குதல் எதையும் நேரில் நின்று நடத்தியவர் என்ற பெயர் அவருக்கு இருந்ததில்லை. அவர் கையாண்ட ஆயுதம் அலைபேசி. அதற்கு முந்தைய தலைமுறைத் தீவிரவாதிகள் முகத்தைத் துணியால் மூடிக்கொண்டு, புனைபெயர்களில் ஒளிந்து திரிந்தார்கள். இவரோ முகத்தைத் திறந்து, சொந்தப் பெயரைச் சொல்லி, ஊர்ப் பையன்களுக்குத் தெரிந்த ஆப்பிள் தோட்டங்களின் நடுவே உட்கார்ந்து படம் எடுத்துப் பரப்பினார். 2015-இல் பரவிய ஒரு படத்தில் அவரோடு சேர்த்து 11 பேர் இருந்தனர். ஒருவர் சரணடைந்தார், மற்றவர்களின் கதையெல்லாம் 2019 மே மாதத்துக்குள் முடிந்துவிட்டது.

இடையில் அண்ணன் காலித். 2015 ஏப்ரல் 13 அன்று டிரால் காட்டில் அவர் கொல்லப்பட்டார். தீவிரவாதிகளுக்கு உதவியவர் என்றது ராணுவம். தம்பியைப் பார்க்கப் போனவரைச் சித்திரவதை செய்து கொன்றுவிட்டார்கள் என்றது குடும்பம். 2016 டிசம்பரில் இழப்பீடு பெறத் தகுதியானோர் பட்டியலில் காலிதின் பெயரும் இருந்தது. குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். தீவிரவாதியின் குடும்பத்துக்கு அந்தத் தொகை கிடைக்க விதியில் இடமில்லை. அப்படியானால் அவர் யார் என்ற கேள்விக்கு அரசாங்கத்தின் ஒரு கை எழுதியதை மறு கை படிக்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

தலைக்கு 10 லட்சம் ரூபாய் விலை வைக்கப்பட்டிருந்த புர்ஹான், 2016 ஜூலை 8 அன்று அனந்தநாக் மாவட்டம் கோக்கர்நாக் பகுதியின் பும்தூரா கிராமத்தில் மேலும் இருவருடன் சுட்டுக் கொல்லப்பட்டார். வயது 21. வீட்டுக்குள் இருப்பது யாரென்று படையினருக்குத் தெரியாது என்றும், தெரிந்திருந்தால் அவருக்கு ஒரு வாய்ப்பு கொடுத்திருக்கலாம் என்றும் அன்றைய முதல்வர் மெஹபூபா முஃப்தி பிறகு கூறினார். சமூக ஊடகத்தில் புர்ஹான் திரட்டியதைவிடக் கல்லறையிலிருந்து அதிகம் பேரைத் திரட்டுவார் என்று, முன்பு முதல்வராக இருந்த உமர் அப்துல்லா அப்போதே எச்சரித்திருந்தார்.

உடலைக் கொடுத்ததால்தான் கலவரம் என்ற உங்கள் வாதம் தேதிகளோடு பொருந்தவில்லை. செய்தி பரவிய அன்று மாலையே மக்கள் தெருவுக்கு வந்துவிட்டனர். டிராலின் ஈத்கா மைதானத்தில் பெருங்கூட்டம் கூடி இறுதித் தொழுகை நடந்ததோ மறுநாள். பின்னர் 53 நாள் தொடர் ஊரடங்கு, 90-க்கும் மேற்பட்ட சாவுகள், பெல்லட் குண்டுகளால் கண்ணில் காயம்பட்ட நூற்றுக்கணக்கானோர். சங்கம் என்ற இடத்தில் கும்பல் ஒரு காவல் வாகனத்தை ஜீலம் நதியில் தள்ளியதில் அதை ஓட்டிய காவலர் இறந்தார். அவரும் காஷ்மீரிதான் என்பதை அந்தக் கும்பலை வீரர்களாக வருணிப்போர் சொல்வதில்லை. 2020-க்குப் பிறகு கொல்லப்படும் தீவிரவாதிகளின் உடல்கள் வீட்டுக்குத் தரப்படாமல் தொலைதூர இடங்களில் புதைக்கப்படுகின்றன. உங்கள் யோசனை நடைமுறைக்கு வந்து ஆண்டுகள் பல ஆகிவிட்டன.

உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தந்த கணக்கைப் பாருங்கள்: தீவிரவாத அமைப்புகளில் சேர்ந்த உள்ளூர் இளைஞர்கள் 2013-இல் 16 பேர், 2014-இல் 53, 2015-இல் 66, 2016-இல் 88. உமர் சொன்னது பலித்தது என்பதை அந்தக் கடைசி எண் காட்டுகிறது என்றால், ஏற்றம் புர்ஹான் உயிரோடு இருந்தபோதே தொடங்கிவிட்டது என்பதை அதற்கு முந்தைய இரண்டு எண்கள் காட்டுகின்றன. அவர் சாவு மட்டுமே எல்லாவற்றையும் கொளுத்தியது என்பதும் சரியில்லை, அவர் கொல்லப்பட்டதோடு தீ அணைந்தது என்பதும் சரியில்லை. அவர் இடத்துக்கு வந்த சப்ஸார் பட் 2017 மே மாதத்திலும், தனி அமைப்பு கண்ட ஜாகிர் மூசா 2019 மே மாதத்திலும், கணக்கு வாத்தியாராக இருந்து தளபதியான ரியாஸ் நைகூ 2020 மே மாதத்திலும் கொல்லப்பட்டனர்.

தந்தை முஸாஃபர் வானி 2021 ஆகஸ்ட் 15 அன்று தம் பள்ளியில் தேசியக் கொடியை ஏற்றினார். பள்ளிகளில் கொடியேற்ற வேண்டும் என்ற அரசு உத்தரவு இருந்தது. அவர் அரசு ஊழியர். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சிகள் வெற்றிச் செய்தியாக ஓட்டின. இரண்டு மகன்களைப் புதைத்த மனிதர் கயிற்றை இழுத்தபோது என்ன நினைத்தார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

படத்தைப் பற்றி நீங்கள் சொன்னதில் மட்டும் நியாயம் இருக்கிறது. அது செய்திப் புகைப்படக்காரர் எடுத்ததன்று. ஆள் சேர்ப்பதற்காக அந்தக் குழுவே எடுத்துப் பரப்பியது. அலைபேசிதான் அவருடைய ஆயுதம் என்று கட்டுரையில் எழுதிவிட்டு, அதே ஆயுதத்தை அரைப் பக்கத்துக்கு நாங்களே எடுத்து நீட்டியிருக்கிறோம். பக்கத்தை இறுதி செய்தவன் நான்தான். அச்சில் வந்த அந்தப் படத்தை இனித் திரும்பப் பெற இயலாது. கட்டுரையின் இணையப் பதிப்பிலிருந்து நேற்று நீக்கச் சொல்லிவிட்டேன்.