மூன்றில் ஒரு பங்கு நிலமும் காலணி மண்ணும்

தம்பி, நியூசிலாந்தின் நிலப்பரப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இயற்கைப் பாதுகாப்புக்கென்று ஒதுக்கியதால்தான் ஆக்லாந்தில் வீட்டு விலை ஏறிக் கிடக்கிறதா, அந்தக் காடுகளுக்குள் போக அனுமதி வேண்டுமா, வேலை கிடைப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வேலையைப் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள்.

வீட்டு விலைக் கதையை நம்மவர் விருந்துகளில் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. 1987இல் உருவான இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் உள்ள நிலத்தில் பெரும்பகுதி தென் தீவின் மலைகளும் மழைக்காடுகளுமே. அங்கே மேற்குக் கரை வட்டாரத்தில் 80 விழுக்காட்டுக்கும் மேல் அத்தகைய நிலந்தான். தென் தீவின் தென்மேற்கு மூலையிலுள்ள ஃபியோர்ட்லாந்தின் செங்குத்துப் பாறையில் யார் போய் வீடு கட்டப்போகிறார்கள்? உழவுக்கு உகந்த சமவெளிகள் எப்போதோ பண்ணைகளாகிவிட்டன. சதுப்பு நிலங்களில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கிறது என்பதால், மூன்றில் ஒரு பங்கு என்று மார்தட்டுபவர்களும் சற்று அடக்கி வாசிக்கலாம்.

நடந்து சுற்றிப்பார்க்கப் பெரும்பாலும் கட்டணமும் இல்லை, அனுமதிச் சீட்டும் வேண்டாம். ஆனால் காலணியில் கவனம் வேண்டும். வடக்கே வைப்பௌவா காட்டில் தானே மஹூட்டா என்னும் மாபெரும் கவுரி மரத்தைக் காணப் போகும் வழியில், காலணியின் அடிப்பகுதியைத் தேய்க்கத் தூரிகைகளும் கிருமிநாசினியும் வைத்திருக்கிறார்கள். கவுரியின் வேரைத் தாக்கிக் கொல்லும் நோய்க்கிருமி மண்ணில் வாழ்வது. குண்டூசித் தலையளவு மண்ணே அதைப் பரப்பப் போதும், நோய் கண்ட மரத்துக்கு இதுவரை உறுதியான மருந்தும் இல்லை. இதை அறிந்தும், புகைப்பட அவசரத்தில் அந்த இடத்தைத் தாண்டி ஓடுபவர்களில் நம்மவர்களையும் பார்க்கிறேன். பல்லாண்டு இங்கே வாழ்ந்தவர்கள் அப்படிச் செய்வதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் வந்திறங்கிய அன்று, விமான நிலையத்து அதிகாரி என் காலணியைத் திருப்பிப் பிடித்து, பள்ளங்களில் காய்ந்திருந்த எங்கள் வயல் மண்ணைச் சுரண்டிக் கழுவி, ஈரத்தோடு கையில் கொடுத்தார். பெட்டியில் இருந்த கறிவேப்பிலையும் குப்பைக்குப் போயிற்று. அப்போது எரிச்சலாக இருந்தது. இப்போது என் கார் டிக்கியிலேயே ஒரு தூரிகை கிடக்கிறது. நீங்கள் வரும்போது பயணப் படிவத்தில் காலணி, உணவு எல்லாவற்றையும் மறைக்காமல் குறிப்பிடுங்கள். மறைத்துப் பிடிபட்டால் அங்கேயே 400 டாலர் அபராதம்.