பழைய குடியிருப்பைப் பதிவு செய்ய எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோவை ஆர்.எஸ்.புரத்தில் மூன்று தலைமுறையாக இருக்கிறோம். பழைய வீடுகள் ஒவ்வொன்றாக இடிபடுகின்றன. எங்கள் தெருமுனை வீட்டையும் போன மாதம் காலி செய்துவிட்டார்கள். ஓய்வு பெற்ற ஐந்து பேர் சேர்ந்து வீடுகளையும் பூங்காக்களையும் பதிவு செய்து வைக்க நினைக்கிறோம். கையில் செல்போன் மட்டும்தான் இருக்கிறது. எப்படித் தொடங்குவது? அனுமதி வேண்டுமா?

பதில்: முதலில் அந்தத் தெருமுனை வீட்டுக்கு இந்த வாரமே போய்விடுங்கள். திட்டம் போடுவதெல்லாம் அப்புறம். காலியான வீட்டில் கதவு, ஜன்னல், தேக்குக் கட்டைகள்தான் முதலில் விலை பேசப்படும். உரிமையாளரிடம் "இடிக்கறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் உள்ளே பார்த்துக்கலாமுங்களா?" என்று கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

உள்ளே போனதும் படம் எடுக்க அவசரப்பட வேண்டாம். கட்டம் போட்ட நோட்டில் அறைகளை வரைந்து, டேப் பிடித்து நீள அகலம், கூரை உயரம், சுவரின் கனம் எல்லாம் குறியுங்கள். திண்ணை, கூடம், அடுக்களை, பின்கட்டு, சேந்து கிணறு என்று அந்த வீட்டார் சொன்ன பெயரிலேயே எழுதுங்கள். சுவர் இடிந்துவிட்டால் இந்த அளவுகளை எந்தப் படத்திலிருந்தும் சரியாக மீட்க முடியாது.

கட்டிய காலத்தைக் கண்டுபிடிக்கக் கூரையைப் பாருங்கள். முகப்பில் சுதையில் ஆண்டு போட்டிருந்தால் வேலை சுலபம். இல்லையென்றால், தேக்குக் கட்டைகளின் மேல் சின்னச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பு கொண்டு பூசிய தளமா என்று பாருங்கள். அதுதான் மெட்ராஸ் டெரஸ். கான்கிரீட் பரவலாவதற்கு முந்தைய முறை. ஓட்டுக் கூரையாக இருந்தால் ஒரு ஓட்டைத் திருப்பி முத்திரையைப் படியுங்கள். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷனரி அமைப்பு நடத்திய ஓட்டுத் தொழிற்சாலைகள் முதல் உலகப் போரை ஒட்டி காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறின. அதனால் 'காமன்வெல்த்' முத்திரை உள்ள ஓடு அதற்குப் பிந்தியது. ஆனால் ஓடு சொல்வது ஓட்டின் வயதைத்தான், இடையில் மாற்றியிருக்கலாம். வளைந்த பால்கனி, முகப்பைச் சுற்றி ஓடும் கான்கிரீட் பட்டைகள், மெல்லிய சன்ஷேட் இருந்தால் 1930-களோ அதற்குப் பிறகோ என்று எடுத்துக்கொண்டு விசாரிக்கலாம். கோவையை அடுத்த மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்ததும் 1930-களில்தான். ஒரே தடயத்தை வைத்து முடிவு கட்டாமல், இரண்டு மூன்று ஒத்துப்போனால் மட்டும் எழுதுங்கள்.

அடுத்து, தெரு. நகரசபைத் தலைவராக இருந்த இரத்தினசபாபதி முதலியார் பெயரில் அமைந்த உங்கள் பகுதி, பிளேக் நோயின் அச்சம் விலகாத காலத்தில், நெரிசலான பழைய ஊருக்கு வெளியே விரிந்த குடியிருப்பு. நேரான தெருக்கள், வீட்டைச் சுற்றிக் காலி இடம், காற்றோட்டம் ஆகியவைதான் அதன் உயிர். அழகான நாலு வீட்டை மட்டும் எடுத்தால் இது எதுவும் பதிவாகாது. அதனால் தெருவின் ஒரு முனையில் தொடங்கி, பெட்டிக்கடை, புது அபார்ட்மெண்ட், காலி மனை எதையும் விடாமல் வரிசையாக எடுங்கள். ஒவ்வொரு மனைக்கும் எதிர்ப்புறம் நின்று நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று. கிழக்கு பார்த்த வீடுகளைக் காலையிலும் மேற்கு பார்த்தவற்றை மாலையிலும் எடுத்தால் முகப்பு நிழலில் மூழ்காது. படத்தின் கோப்புப் பெயரிலேயே தெரு, கதவு எண், தேதி வர வேண்டும். பழைய எண், புது எண் இரண்டையும் எழுதுங்கள். இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பல வருஷத்துக்கு முன் ஒரு தெரு முழுவதையும் எண் குறிக்காமல் எடுத்தேன். இன்று அதில் பாதி வீடுகள் இல்லை. எந்தப் படம் எந்த மனை என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை.

அனுமதி பற்றி: தெருவில் நின்று கட்டடத்தைப் படம் எடுத்து வெளியிடுவது பதிப்புரிமை மீறல் ஆகாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. வீட்டுக்குள் எடுப்பதற்கும், ஆட்களை எடுப்பதற்கும், சொன்ன கதைகளை வெளியிடுவதற்கும் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

பூங்காக்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். வீடு இடிந்தால் ஊருக்கே தெரியும். பூங்கா அப்படியல்ல; ஒரு பக்கம் மோட்டார் அறை, ஒரு பக்கம் ஷெட், ஒரு பக்கம் வேலி நகர்வது என்று சத்தமில்லாமல் சுருங்கும். கோவையில் 'ரிசர்வ் சைட்' என்று நாம் சொல்லும் பொது ஒதுக்கீட்டு இடங்கள் பலவற்றின் கதை இதுதான். ஆகவே எல்லையை நாலு பக்கமும் டேப் பிடித்து அளந்து வரையுங்கள். மாநகராட்சியின் நகரமைப்புப் பிரிவில் லே-அவுட் வரைபடத்தின் நகலும், நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தகவல் உரிமைச் சட்டப்படி மனு போடுங்கள். நீங்கள் அளந்ததும் வரைபடமும் ஒத்துவராத இடத்தைக் கோபப்படாமல் தேதியுடன் குறித்து வையுங்கள்.

மரங்களைத் தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுங்கள். வேம்பு, புங்கன், தூங்குமூஞ்சி என்று நீங்கள் அறிந்த பெயரில் எழுதினாலே போதும், வரைபடத்தில் ஒவ்வொன்றுக்கும் எண் கொடுங்கள். பெஞ்சு, கல்வெட்டு, பழைய குழாய் எல்லாம் அதே வரைபடத்தில் ஏறட்டும். பூங்காவில் தினமும் நடக்கும் பெரியவர்களிடம் "இங்க முன்னே என்ன இருந்ததுங்க?" என்று கேட்டுப் போனில் பதிவு செய்யுங்கள். பழைய கொத்தனார், வயரிங் வேலை பார்த்தவர், தோட்டக்காரர் ஆகியோரையும் தேடிப் பிடியுங்கள். வீட்டுக்காரர்களுக்கே தெரியாத விவரம் பல அவர்களிடம் கிடைக்கும்.

சேர்த்ததை ஒருவர் போனில் மட்டும் விட்டுவைக்காமல் இரண்டு ஹார்டு டிஸ்க்கில், இரண்டு வீடுகளில் வையுங்கள். ஒரு தெரு முடிந்ததும் அச்செடுத்துக் கட்டி, கௌலி பிரவுன் சாலையில் இருக்கும் மாவட்ட மைய நூலகத்தில் கொடுத்துப் பாருங்கள். ஒரு தெருவுக்கு ஒரு நோட்டு என்று வைத்துக்கொண்டால் ஐந்து பேருக்கும் வேலை தானாகப் பிரிந்துவிடும்.