எச்-1பி விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். டல்லஸ் பக்கத்தில் ஃபிரிஸ்கோவில் இருக்கிறேன். எச்-1பி விசாவில் வந்து பதினோரு வருடம் ஆகிவிட்டது. கம்பெனி எனக்காகப் போட்ட கிரீன் கார்டு மனு (ஐ-140) அப்ரூவ் ஆகி வரிசையில் நிற்கிறேன். எங்கள் வட்டாரத்தில் இந்தியர் வீடுகளாகப் பார்த்து நகை திருடுகிறார்கள். வேலை விஷயமாக நான் வெளியூர் போனால் மனைவியும் குழந்தையும் தனியாக இருக்கிறார்கள். பாதுகாப்புக்கு ஒரு கைத்துப்பாக்கி வாங்க நினைக்கிறேன். “டெக்சாஸில் லைசென்ஸே வேண்டாம், சனிக்கிழமை கன் ஷோவுக்கு, அதாவது துப்பாக்கிச் சந்தைக்கு, போகலாம். உன் பெயரில் சிக்கல் என்றால் என் பெயரில் வாங்கித் தருகிறேன்” என்கிறார் கிரீன் கார்டு வைத்திருக்கும் நண்பர். வேட்டை லைசென்ஸ் எடுத்தால் போதும் என்கிறார் இன்னொருவர். 1968 சட்டம், 1993 சட்டம், 1998 சட்டம் என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு எது பொருந்தும்?

பதில்: உங்களுக்குப் பொருந்துவது 1998 சட்டம். அதன்படி நீங்கள் துப்பாக்கி வாங்கக் கூடாது, வைத்திருக்கவும் கூடாது. ஒரு பெட்டி தோட்டா வைத்திருந்தாலும் குற்றம்தான். உங்களைச் சார்ந்து வருபவருக்கான எச்-4 விசாவில் இருந்தால் உங்கள் மனைவிக்கும் இதே விதி. நண்பர் சொல்லும் சனிக்கிழமைத் திட்டத்தை இன்றே கைவிடுங்கள். அதில் உங்களுக்கு மட்டுமல்ல, அவருக்கும் சிறை இருக்கிறது.

ஏன் ஆளுக்கொரு வருடத்தைச் சொல்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்கத் துப்பாக்கிச் சட்டத்தை யாரும் மொத்தமாக உட்கார்ந்து எழுதவில்லை. ஒரு பெரிய சாவு விழும், நாடு கொதிக்கும், அப்புறம் அந்தச் சாவுக்கு வழிவிட்ட ஓட்டையை மட்டும் அடைப்பார்கள். பக்கத்து ஓட்டை அப்படியே கிடக்கும். 1929இல் சிகாகோவில் காதலர் தினத்தன்று நடந்த கும்பல் படுகொலை போன்ற சம்பவங்களின் சூட்டில்தான் 1934 சட்டம் வந்தது. இயந்திரத் துப்பாக்கிக்கு 200 டாலர் வரி போட்டார்கள். அன்றைக்கு அந்தத் துப்பாக்கியின் விலையே கிட்டத்தட்ட அவ்வளவுதான். சாதாரணக் கைத்துப்பாக்கியை அந்தச் சட்டம் தொடவில்லை.

நீங்கள் இருக்கும் டல்லஸுக்கே இந்த வரலாற்றில் இரண்டு முறை பங்கு உண்டு. 1963இல் கென்னடி அங்கேதான் சுடப்பட்டார். சுட்ட ஆஸ்வால்ட், பத்திரிகை விளம்பரத்தில் இருந்த கூப்பனை நிரப்பி, பொய்ப் பெயர் போட்டு, தபால் செலவோடு 21 டாலர் 45 சென்ட் அனுப்பி, சிகாகோ கடையிலிருந்து தபாலிலேயே அந்த ரைஃபிளை வாங்கியிருந்தார். அந்தத் தபால் விற்பனையை நிறுத்த அமெரிக்காவுக்கு ஐந்து வருடம் ஆனது. 1968இல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துக் கொல்லப்பட்ட பிறகுதான், அக்டோபரில் அதிபர் ஜான்சன் அதற்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ‘இன்னின்னார் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது’ என்ற பட்டியல் அந்த வருடத்துச் சட்டங்களில்தான் விரிந்தது. சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவர் அதில் இருந்தார். முறையான விசாவில் வந்தவர் இல்லை.

பட்டியல் போட்டார்களே தவிர, வாங்க வந்தவர் அதில் இருக்கிறாரா என்று பார்க்க ஏற்பாடு செய்யவில்லை. வாங்குபவர் ஒரு படிவத்தில் எழுதித் தருவதுதான் சாட்சி. 1981இல் அதிபர் ரீகனைச் சுட்டவர், அந்தத் துப்பாக்கியை டல்லஸில் ஒரு அடகுக்கடையில், படிவத்தில் தான் குடியிருக்காத முகவரியை எழுதிக் கொடுத்து வாங்கியிருந்தார். அந்தச் சம்பவத்தில் தலையில் குண்டு பாய்ந்து முடங்கிப்போன பத்திரிகைச் செயலாளர் ஜேம்ஸ் பிரேடியும் அவர் மனைவியும் வருடக்கணக்காகப் போராடிக் கொண்டுவந்ததுதான் 1993 சட்டம். கடைக்காரர் வாங்குபவரின் பின்னணியைச் சரிபார்க்க வேண்டும் என்பது அப்போது வந்தது. எஃப்.பி.ஐ.யின் உடனடிச் சோதனை முறை 1998 நவம்பர் 30 அன்று தொடங்கியது.

இனி உங்கள் சட்டம். 1997 பிப்ரவரி 23 அன்று நியூயார்க்கில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் 86ஆவது மாடியில், பார்வையாளர் விசாவில் வந்திருந்த ஒரு முதியவர் சுட்டதில் ஒருவர் இறந்தார், பலர் காயமடைந்தார்கள். அவர் தன்னையும் சுட்டுக்கொண்டார். நாட்டுக்குள் வந்து சில வாரங்களே ஆன அவர், ஃப்ளோரிடாவில் மெல்போர்ன் என்ற ஊரில், மோட்டல் முகவரியைக் காட்டி அந்தத் துப்பாக்கியை வாங்கியிருந்தார். அதற்கு அடுத்த வருடம், 1998 அக்டோபரில், குடியேற்றம் அல்லாத விசாவில் (சுற்றுலா, எச்-1பி, எச்-4 போன்ற தற்காலிக விசாக்களில்) வந்தவர்கள் அத்தனை பேரையும் தடைப் பட்டியலில் சேர்த்தார்கள். மோட்டலில் தங்கிய சுற்றுலாப் பயணியைப் பார்த்துப் போட்ட சட்டம், பதினோரு வருடமாக இங்கே வரி கட்டி, வீடு வாங்கி, குழந்தையைப் பள்ளியில் சேர்த்திருக்கும் உங்களையும் அதே தட்டில் வைக்கிறது. இந்தியர்களுக்கான கிரீன் கார்டு வரிசையை இப்படி நீளவிட்டதும் இதே அரசுதான். எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஆனால் என் கோபம் உங்களுக்கு நீதிமன்றத்தில் உதவாது. ஐ-140 அப்ரூவ் ஆனதும் உதவாது.

“டெக்சாஸில் லைசென்ஸே வேண்டாம்” என்பது பாதி உண்மை. 2021இல் மாநிலம் கொண்டுவந்த சட்டம், தகுதியுள்ளவர் அனுமதி இல்லாமல் கைத்துப்பாக்கியை எடுத்துச் செல்லலாம் என்றது. துப்பாக்கி வைத்திருக்க மத்தியச் சட்டப்படி தடை உள்ளவர் அந்தத் தகுதிக்குள் வரமாட்டார். மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் மத்தியச் சட்டத்தின் தடை ஒரு இம்மிகூடக் குறையாது. அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தமும் எல்லோருக்கும் வரம்பில்லாத உரிமை தரவில்லை. துப்பாக்கி தனிமனித உரிமை என்று 2008இல் சொன்ன அதே உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அதற்கு எல்லைகள் உண்டு என்றும் சொன்னது.

நான் அதிகம் பயப்படுவது உங்கள் நண்பர் சொன்ன யோசனையைப் பார்த்துத்தான். நம் ஊரில் பினாமி என்போமே, அதேதான். என்னிடம் வரும் நம்மவர்களில் பலர் இதை ஒரு சின்ன உதவியாகவே நினைக்கிறார்கள். கடையில் 4473 என்று ஒரு படிவம் தருவார்கள். அதன் 21ஆவது கேள்வியில், முதல் பிரிவே, ‘இந்தத் துப்பாக்கியை உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா?’ என்பது. உங்கள் பணத்தில், உங்களுக்காக வாங்கும் நண்பர் அங்கே ‘ஆம்’ என்று எழுதினால், அந்த ஒரு சொல்லுக்கே பத்து வருடம் வரை சிறை. தடை உள்ளவருக்காக வாங்கிக் கொடுப்பதை 2022 சட்டம் தனிக் குற்றமாகவே ஆக்கிவிட்டது. அதற்குப் பதினைந்து வருடம் வரை. தடையை மீறி வைத்திருக்கும் உங்களுக்கும் பதினைந்து வருடம் வரை.

“வாங்கிக் கொடுப்பவரும் யோக்கியர், வாங்கிக்கொள்பவரும் யோக்கியர் என்றால்?” என்று கேட்பவர்களுக்கு ஏப்ராம்ஸ்கி வழக்கைச் சொல்வேன். வெர்ஜினியாவைச் சேர்ந்த முன்னாள் போலீஸ்காரர் ஒருவர், போலீஸ் தள்ளுபடி கிடைக்கிறதே என்று தன் மாமாவுக்காக ஒரு க்ளாக் 19 கைத்துப்பாக்கி வாங்கினார். மாமா 400 டாலர் காசோலை கொடுத்திருந்தார். எதற்காக என்று காசோலையிலேயே எழுதியும் இருந்தார். மாமாவுக்கு எந்தத் தடையும் கிடையாது. துப்பாக்கி அவர் கைக்கு மாறியதும் முறையாக, சோதனையோடுதான். இருந்தும் படிவத்தில் ‘உண்மையில் வாங்குபவர் நானே’ என்று எழுதியது பொய் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. தகுதி உள்ள மாமாவுக்கு வாங்கியவருக்கே இந்தக் கதி. ‘கிஃப்ட்’ என்று சொல்லிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அவர் சகவாசமே வேண்டாம். தடை உள்ளவருக்குக் கிஃப்டாகவும் கொடுக்க முடியாது.

கன் ஷோ விஷயத்திலும் இதே குழப்பம். அங்கே லைசென்ஸ் இல்லாத தனிநபர் ஒருவர் தன் சொந்தத் துப்பாக்கியை அதே மாநிலத்தில் வசிப்பவருக்கு விற்றால், பின்னணிச் சோதனை செய்ய மத்தியச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை; டெக்சாஸும் கட்டாயப்படுத்தவில்லை. 1993இல் அடைக்காமல் விட்ட ஓட்டை அது. அவர் உங்களிடம் எதுவும் கேட்காமல் கொடுத்துவிடலாம். கேட்காததால் உங்கள் தடை போய்விடாது. லைசென்ஸ் உள்ள கடையில்கூட, மூன்று வேலை நாளுக்குள் எஃப்.பி.ஐ.யிடமிருந்து பதில் வராவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிடலாம் என்று சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். 2015இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் ஒன்பது பேரைக் கொன்றவன் கைக்குத் துப்பாக்கி அப்படித்தான் போனது. இவ்வளவு பார்த்த பிறகும் அந்த மூன்று நாள் விதியை எடுக்க இவர்களுக்கு மனம் வரவில்லை. ஆகவே ‘கடையிலேயே பாஸ் ஆகிவிட்டது’ என்று யாராவது சொன்னால் அதை அத்தாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கடைக்காரர் கைகாட்டுவது அவருடைய கடமை முடிந்ததற்கு அடையாளம், அவ்வளவுதான்.

வேட்டை லைசென்ஸ் பற்றிச் சொன்னவர் பொய் சொல்லவில்லை. அந்த விதிவிலக்கு நிஜமாகவே இருக்கிறது. தூதரக அதிகாரிகள், போட்டிக்கு வருபவர்கள் போன்றோருக்கும் விலக்கு உண்டு. அவை உங்களுக்கு ஆகாதவை, விடுங்கள். அமெரிக்காவில் ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால், குடியேற்றம் அல்லாத விசாவில் இருப்பவரும் துப்பாக்கி வாங்கலாம், வைத்திருக்கலாம். 1909இல் பென்சில்வேனியா, குடியுரிமை பெறாத வெளிநாட்டினர் வேட்டையாடவும் அதற்காக ரைஃபிள் வைத்திருக்கவும் கூடாது என்று தடை போட்டது. 1914இல் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. அன்றைக்கு அடைத்த அதே கதவுதான் இன்றைக்குத் திறந்திருக்கிறது.

ஆனால் இந்தக் கதவில் போவதற்கு முன் யோசியுங்கள். மீன்பிடி லைசென்ஸ் செல்லாது. வேறு நாட்டு லைசென்ஸ் செல்லாது. 1971 செப்டம்பர் 2 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர் டெக்சாஸில் வேட்டையாட வேட்டைப் பயிற்சி வகுப்பு முடித்திருக்க வேண்டும். கடையில் அந்த 4473 படிவத்தில் விசா பற்றிய கேள்விக்கு ‘ஆம்’ என்றும், விதிவிலக்கு உண்டா என்ற கேள்விக்கு ‘ஆம்’ என்றும் எழுதி, லைசென்ஸைக் காட்ட வேண்டும். விசா கேள்விக்கே ‘இல்லை’ போட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள் என்று சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள். இருநூறு முந்நூறு டாலர் வாங்கிக்கொண்டு ‘பேக்கேஜ்’ என்ற பெயரில் லைசென்ஸ் எடுத்துத் தருகிறோம் என்பவர்களும் இருக்கிறார்கள். மாநில வனவிலங்குத் துறையில் நீங்களே நேரடியாக வாங்கக்கூடிய ஒன்றுக்கு எதற்கு இடைத்தரகர்?

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது தேதி. டெக்சாஸின் வழக்கமான வருடாந்தர வேட்டை லைசென்ஸ், நீங்கள் எப்போது வாங்கினாலும் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். ஜூலையில் எடுத்து, ஒரு வருடம் இருக்கிறது என்று நீங்கள் நினைத்திருந்தால், செப்டம்பர் 1 காலையில் உங்கள் அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி குற்றப் பொருளாகிவிடும். யாரும் கடிதம் போட்டு நினைவூட்ட மாட்டார்கள். ஒவ்வொரு வருடமும் ஒரு நாள்கூட இடைவெளி விடாமல் புதுப்பித்தால்தான் நீங்கள் தப்பு செய்யாதவர். மனைவிக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். உங்களுடையது அவரைக் காப்பாற்றாது. நீங்கள் வெளியூரில் இருக்கும்போது அவர் எடுக்க வேண்டும் என்பதற்காகத்தானே துப்பாக்கியே வாங்க நினைக்கிறீர்கள்? அப்படியானால் இருவருக்கும் லைசென்ஸ், இருவருக்கும் பயிற்சி, வருடா வருடம் ஆகஸ்ட் கவலை. இதற்குத் தயாரில்லை என்றால் இந்த வழியே வேண்டாம்.

நண்பர்களோடு துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போய் ஒரு மணி நேரம் சுட்டுப் பார்ப்பதும் இதே கணக்கில்தான் வரும். ரெஹைஃப் என்ற மாணவர் இதே ஃப்ளோரிடா மெல்போர்னில் படிக்க வந்தவர். மதிப்பெண் குறைந்து கல்லூரி நீக்கியதால் விசா நிலையை இழந்தார். அதன் பிறகு ரேஞ்சில் இரண்டு துப்பாக்கிகளைச் சுட்டார், தோட்டா வாங்கினார். அதற்கே வழக்கு, தண்டனை. 2019இல் உச்ச நீதிமன்றம் 7-2 என்று அந்தத் தண்டனையைத் தள்ளியது. காரணம், தன் குடியேற்ற நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதை அரசு நிரூபித்திருக்க வேண்டும் என்பது. உங்களுக்கு அந்த வாதம் கிடைக்காது. நீங்கள் எச்-1பியில் இருப்பது உங்களுக்கு நன்றாகவே தெரியும். சட்டம் தெரியாது என்று சொல்வது இங்கே எடுபடாது.

யாருக்கும் தெரியாமல் வைத்துக்கொண்டால் என்ன என்ற எண்ணம் வரலாம். கிரீன் கார்டுக்கான ஐ-485 படிவத்திலும், பிறகு குடியுரிமைக்கான படிவத்திலும், கைதாகாவிட்டாலும் எப்போதாவது குற்றம் செய்தீர்களா என்று கேட்பார்கள். அன்றைக்கு உண்மை சொன்னாலும் சிக்கல், பொய் சொன்னால் அதைவிடப் பெரிய சிக்கல். துப்பாக்கிக் குற்றத்தில் தண்டனை ஆனால் நாடு கடத்தவே அது போதுமான காரணம்.

உங்கள் பயம் நியாயமானது, அதனால் வீட்டுக்கு ஆகக்கூடியதைச் சொல்கிறேன். நகையை வங்கி லாக்கருக்கு மாற்றுங்கள். இந்தத் திருடர்கள் தேடி வருவது அதைத்தான். அலாரம், கேமரா வையுங்கள். கையளவு பெப்பர் ஸ்ப்ரே டெக்சாஸில் தற்காப்புக்கு வைத்துக்கொள்ளலாம். நண்பர் தன் துப்பாக்கியை உங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். யாருடையது என்பது கேள்வியே ஆகாது, யார் வசம் இருந்தது என்றுதான் பார்ப்பார்கள்.

இதைப் படிப்பவர்களில் ஏற்கெனவே இப்படி வாங்கி வைத்திருப்பவர்கள் இருந்தால், பதற்றத்தில் அதை விற்கவோ, காரில் போட்டு எங்கேயாவது ஒப்படைக்கப் போகவோ வேண்டாம். எடுத்துச் செல்வதும் உங்கள் வசம் இருப்பதுதான். முதலில் ஒரு குற்றவியல் வழக்கறிஞரைக் கூப்பிடுங்கள்; அவரிடம் பேசுவது இரகசியமாக இருக்கும், ஒப்படைக்கும் ஏற்பாட்டை அவரே செய்வார். அவரோடு பேசி முடித்த பிறகு குடியேற்ற வழக்கறிஞரிடம் வாருங்கள்.