ஃபெடோரா தொப்பி எல்லாப் பக்கமும் தெரியும்படி நம்மை நாமே சுழலும் படமாக எடுப்பது எப்படி?

கேமராவை நகர்த்தாமல் நீங்கள் சுழலுங்கள். அப்போது ஒளியின் திசை மாறாதிருப்பதால், மேலே உள்ள மடிப்பும் முன்புறக் குழிவுகளும் ஒவ்வொரு கோணத்திலும் புது நிழல் பெற்று, தொப்பியின் வடிவத்தைத் தெளிவாகக் காட்டும். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் நதார் 1865-ஆம் ஆண்டுவாக்கில் 12 படங்களில் தம்மையே சுற்றிக் காட்டியதும் இவ்வகைதான். அந்தத் தொடரை அவசியம் பாருங்கள்.

புதுச்சேரியில் எடுப்பதானால், கடற்கரைச் சாலையின் காற்று தொப்பியை அசைத்துவிடும் என்பதால், முற்றத்து வெளிச்சம் ஒரு பக்கமாக விழும் பழைய வீட்டுத் தாழ்வாரமே சிறந்த இடம். சுழல் நாற்காலியின் அச்சுக்கு நேர்மேலே தலை இருக்குமாறு நிமிர்ந்து உட்காருங்கள். இது தவறினால் தொப்பி இடமும் வலமும் தள்ளாடும். தரையில் 15 பாகைக்கு ஒரு கோடாகச் சாக்பீஸால் 24 கோடுகள் இட்டு, ஒவ்வொன்றிலும் நாற்காலியை நிறுத்தி ஒரு படம் எடுங்கள். கைப்பேசியைத் தொப்பி விளிம்பைவிடச் சற்று உயரத்தில், முக்காலியில் பொருத்துங்கள்; விளிம்பின் மட்டத்திலேயே வைத்தால் அது வெறும் கோடாகத்தான் தெரியும். ஃபோகஸையும் ஒளியளவையும் பூட்டிவிடுவது கட்டாயம்.

இந்தப் படங்களை வரிசையாகச் சேர்த்து உருவாக்கும் ஜிஃப் (அசையும் படம்) கோப்பின் ஒரு சட்டகத்தில் 256 நிறங்களுக்கு மேல் இடமில்லை. ஆகவே பூவேலைத் திரையை விட்டு வெற்றுச் சுவரைப் பின்னணியாகக் கொண்டால், ஃபெல்ட் துணியின் மென்மையான நிறமாற்றங்களுக்குக் கூடுதல் நிறங்கள் கிடைக்கும். ஒரு படத்துக்கு 0.08 நொடி தந்தால் முழுச் சுற்று இரண்டு நொடிக்குள் முடியும். தொடக்கக் கோணத்தை இறுதியில் மீண்டும் சேர்க்காதீர்கள். சேர்த்தால் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே ஒரு கணம் தடங்கும்.