ஸ்கூபா பயணமும் சரக்கும்: கேள்வி பதில்

டைவிங் போகிற இடத்தில் குடிப்பதைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். கணக்குகள் சராசரி உடம்புக்கானவை. எடை குறைந்தவர்களுக்கும் ஈரல் கோளாறு உள்ளவர்களுக்கும் நேரம் இதைவிடக் கூடும்.

சென்னை: அண்ணா, வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிச்சுட்டு பாண்டி போறோம். சனிக்கிழமை காலை ஆறரைக்கு போட். ராத்திரி ரூம்ல எவ்வளவு வரைக்கும் போடலாம்?

அந்த ராத்திரி வேண்டாம். ஏன் என்பதைக் கணக்காகவே பாருங்கள். நம் ஊர் பிராந்தி, ரம், விஸ்கி எல்லாம் பெரும்பாலும் 42.8 சதவீதம். 30 மில்லி ஸ்மால் ஒன்றில் ஏறத்தாழ 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 180 மில்லி குவார்ட்டரில் 60 கிராம். 650 மில்லி பீர் 5 சதவீதமாக இருந்தால் 26 கிராம், 8 சதவீத ஸ்ட்ராங் என்றால் 41 கிராம். ஈரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரை கரைக்கும். டைவிங்குக்கு 7 என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குவார்ட்டரை ராத்திரி 11 மணிக்கு முடித்தால் ரத்தம் சுத்தமாகக் காலை ஏழரை, எட்டு ஆகிவிடும். ஸ்ட்ராங் பீர் இரண்டு என்றால் கிட்டத்தட்ட 12 மணி நேரம், அதாவது மறுநாள் பதினொன்று. உங்கள் படகு ஆறரைக்கே கிளம்பிவிடுகிறது. நம் நாட்டு விமானிகளுக்குக் குடிக்கும் விமானத்துக்கும் நடுவே 12 மணி நேரம் என்று விதி. அதையே டைவிங்குக்கும் வைத்தால், காலை 7 மணி டைவுக்கு முந்தைய மாலை 7 மணிக்கே கிளாஸைக் கீழே வைக்க வேண்டும். அந்த நேரத்தில் நீங்கள் இன்னும் ஈ.சி.ஆரில் இருப்பீர்கள். சனிக்கிழமை டைவ் முடியட்டும், ஞாயிறு டைவ் இல்லையென்றால் சனி மாலை குடித்துக்கொள்ளுங்கள். பாண்டியில் சரக்கு விலை மலிவு என்பதால் வரிசையை மாற்றிக்கொள்கிறவர்கள்தான் மறுநாள் படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

திருச்சி: காலைல பிளாக் காபி, தலைக்குக் குளியல், எலுமிச்சை ஜூஸ் எல்லாம் முடிச்சா சீக்கிரம் இறங்கிடாதா சார்?

இறங்காது. தூக்கம் மட்டும் கலையும். முழித்திருக்கிற போதை, தூங்குகிற போதையைவிட ஆபத்து.

மதுரை: கணக்குப்படி ரத்தத்துல ஒண்ணுமே இல்ல, தலைவலி மட்டும் இருக்கு. இறங்கலாமா?

ஆல்கஹால் பூஜ்யமான பிறகும் கவனமும் முடிவெடுக்கும் வேகமும் பல மணி நேரம் மந்தமாகத்தான் இருக்கும். அதைத் தவிர மூன்று சிக்கல்கள் உண்டு.

முதலில் காது. குடித்தால் மூக்கின் உட்சவ்வு வீங்கி, நடுக்காதுக்குப் போகும் குழாய் அடைத்துக்கொள்ளும். முதல் 5 மீட்டரிலேயே காது அடைப்பு எடுக்காது. இதற்கு மூக்கில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு இறங்குபவர்கள் உண்டு. அதன் வேகம் தண்ணீருக்கடியில் இருக்கும்போது தீர்ந்துவிட்டால், மேலே வரும்போது உள்ளே விரியும் காற்றுக்கு வெளியேற வழி இருக்காது. இறங்கும்போது வலித்தால் திரும்பி ஏறிவிடலாம். ஏறும்போது வலித்தால் எங்கே போவீர்கள்?

அடுத்தது காற்று. வழக்கமான அலுமினிய சிலிண்டர் 11.1 லிட்டர். அதில் காற்று 200 பார் அழுத்தத்தில் இருக்கும். 50 பார் கையிருப்பு போக 1665 லிட்டர் மிஞ்சும். நிதானமாக மூச்சுவிடுபவர் மேற்பரப்பில் நிமிடத்துக்கு 15 லிட்டர் எடுத்தால், 18 மீட்டரில் அழுத்தம் 2.8 மடங்கு என்பதால் 42 லிட்டர் ஆகும். சுமார் 40 நிமிடம் தாங்கும். முந்தின ராத்திரிக் குடியால் வரும் படபடப்பில் அதே ஆள் 20 லிட்டர் எடுத்தால் 30 நிமிடத்தில் காலி. உங்களோடு இறங்கிய கூட்டமே பத்து நிமிடம் முன்னதாக ஏற வேண்டியிருக்கும்.

மூன்றாவது வாந்தி. தண்ணீருக்கடியில் வாந்தி வந்தால் ரெகுலேட்டரை, அதாவது காற்று தரும் வாய்க்கருவியை, வாயிலிருந்து எடுக்கக் கூடாது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அதன் வழியாகவே வாந்தியெடுக்க வேண்டும். பிறகு அதிலுள்ள காற்றைப் பீய்ச்சும் பர்ஜ் பட்டனை அழுத்திக் கழுவிவிட்டு மூச்செடுங்கள். அடைத்துக்கொண்டால் ஆக்டோபஸுக்கு, அதாவது உபரி ரெகுலேட்டருக்கு மாறுங்கள். வாந்தி முடிந்த மறுநொடி உடம்பு தானாகவே மூச்சை உள்ளிழுக்கும். அப்போது வாயில் ரெகுலேட்டர் இல்லையென்றால் நுரையீரலுக்குப் போவது கடல்தான்.

தலைவலியோடு டைவ் வேண்டாம். படகில் ஏறுவதில் தப்பில்லை. மேலேயே உட்கார்ந்து வாருங்கள்.

தூத்துக்குடி: போட்ல வாந்தி வராம இருக்க அவோமின் போடுவேன். முந்தின நாள் ராத்திரி ரெண்டு பெக் போட்டிருந்தா பிரச்சினையா?

அவோமினில் இருப்பது புரோமெத்தசின். தனியாகவே தூக்கத்தைக் கொடுக்கும். ஆல்கஹாலோடு சேர்ந்தால் மந்தம் பெருகும், ஆழத்தில் அழுத்தத்தால் வரும் நைட்ரஜன் மயக்கமும் (நார்க்கோசிஸ்) அதன் மேல் ஏறும். முந்தைய மாலை குடி இல்லாத நாளில் மட்டும் மாத்திரை. எந்த மாத்திரையாக இருந்தாலும் டைவ் இல்லாத ஒரு நாளில் போட்டுப் பார்த்து, தூக்கம் வருகிறதா என்று தெரிந்துகொண்ட பிறகே கடலுக்குக் கொண்டுபோங்கள்.

மட்டக்களப்பு: அண்ணை, ஹெர்மிஸ் கப்பலுக்கு இறங்கப் போறம். இரவு கொஞ்சம் சாராயம் எடுத்தால் நார்க்கோசிஸ் கூடுமோ?

கூடும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 1942 ஏப்ரல் 9இல் மூழ்கிய அந்தப் பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் கிடப்பது 50 மீட்டரைத் தாண்டி. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லையே 40 மீட்டர், ஆகவே அது தனிப்பயிற்சி பெற்ற டெக்னிக்கல் டைவர்களின் இடம். 53 மீட்டரில் காற்றைச் சுவாசித்தால் நைட்ரஜனின் பகுதியழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அதன் பங்கு, 5 பாரைத் தொடும். தரையில் அது 0.8 பார்கூட இல்லை. பத்து மீட்டருக்கு ஒரு மார்ட்டினி என்று டைவர்கள் கேலியாகச் சொல்லும் கணக்குப்படி பார்த்தால், ஒரு சொட்டுத் தொடாமலே ஐந்து கிளாஸ் போட்ட நிலையில்தான் அங்கே நிற்பீர்கள். மேலே வரும்போது நடுநடுவே நின்று ஏற வேண்டிய அந்த மாதிரி டைவுக்கு முன்னால் 24 மணி நேரம் குடியே வேண்டாம்.

பெங்களூரு: அந்தமான் ஹேவ்லாக்ல டைவ் முடிச்சு கரைக்கு வந்ததும் ஒரு சில்லுன்னு பீர். அதுகூடவா கூடாது?

டைவுக்கு முன் குடிப்பதைப் பற்றி எல்லோருக்கும் தெரியும். பின்னால் குடிப்பதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மேலே வந்துவிட்டாலும் உடம்பில் கரைந்திருக்கும் நைட்ரஜன் மணிக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை வெளியே கொண்டுபோக ரத்த ஓட்டம் சரியாக இருக்க வேண்டும். நீங்களோ ஏற்கெனவே வறண்டிருப்பீர்கள். தண்ணீரில் மூழ்கினாலே சிறுநீர் அதிகம் போகும், சிலிண்டர் காற்றோ ஈரமே இல்லாதது. அதற்கு மேல் பீர் போனால், சிறுநீரைக் கட்டுப்படுத்தும் ஹார்மோனையும் ஆல்கஹால் அமுக்கிவிடும். சிறுநீர் இன்னும் அதிகமாக வெளியே போகும்.

இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. கரைந்த நைட்ரஜன் உடம்புக்குள் குமிழியாவதால் வரும் டிகம்ப்ரஷன் சிக்னெஸின் அறிகுறிகள் பெரும்பாலும் முதல் 6 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும்: தோள், முழங்கை வலி, மரமரப்பு, அளவுக்கு மீறிய களைப்பு, தலைசுற்றல், நடையில் தள்ளாட்டம். இவற்றில் பாதி குடித்தவனுக்கும் வரும். சந்தேகம் வந்தால் டைவ் கடையில் செய்யும் சோதனை, கண்ணை மூடி நிற்கச் சொல்வது, குதிகாலும் பெருவிரலும் ஒட்டி நடக்கச் சொல்வது, விரலால் மூக்கைத் தொடச் சொல்வது. இரண்டு பீர் போட்டவர் இதிலெல்லாம் தோற்கலாம். தள்ளாட்டம் பீரினாலா, முதுகுத்தண்டில் இருக்கும் குமிழியாலா என்று யாரால் சொல்ல முடியும்? ‘தூங்கி எழுந்தா சரியாயிடும்’ என்று படுக்கவைப்பார்கள். அதற்குள் ஹேவ்லாக்கிலிருந்து சிகிச்சைக்குப் போக வேண்டிய ஸ்ரீ விஜயபுரம், அதாவது பழைய போர்ட் பிளேருக்குக் கிளம்பும் கடைசிக் கப்பலும் போயிருக்கும்.

நடைமுறையில் இப்படி வையுங்கள். கரைக்கு வந்ததும் ஒரு லிட்டர் தண்ணீர், அல்லது ஒரு லிட்டர் பாக்கெட் ஓஆர்எஸ், அல்லது இரண்டு இளநீர். அதை மெதுவாக ஒரு மணி நேரத்தில் குடித்து முடியுங்கள். பிறகு சாப்பாடு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக வரட்டும். கடைசி டைவ் முடிந்து ஆறு மணி நேரமாவது போன பிறகு முதல் கிளாஸ். அறிகுறி எதுவும் தெரிந்தால் குடி அறவே கூடாது. வலி மாத்திரையும் வேண்டாம், அது வலியை மறைத்துவிடும். படுக்கவைத்து, மாஸ்க் வழியே 100 சதவீத ஆக்சிஜன் கொடுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் தண்ணீர் கொடுக்கலாம். உடனே டைவ் கடைக்கும் டாக்டருக்கும் சொல்லுங்கள்.

சேலம்: ரெண்டு டைவுக்கு நடுவுல லஞ்ச்ல ஒரே ஒரு கிளாஸ் வைன்?

அன்றைக்கு அடுத்த டைவ் கிடையாது.

சிங்கப்பூர்: மாலத்தீவு லைவ்அபோர்டு (தங்கி டைவ் பண்ற படகு) புக் பண்ணிருக்கோம். சாங்கி டியூட்டி ஃப்ரீல ஒரு பாட்டில் வாங்கிட்டுப் போகலாமா?

வாங்காதீர்கள். மாலத்தீவுக்குள் மதுவைக் கொண்டுபோகத் தடை. மாலே விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்து பாட்டிலை எடுத்துவைத்துக்கொண்டு, ஊர் திரும்பும்போது கொடுப்பார்கள். மக்கள் வாழும் தீவுகளிலும் கிடைக்காது. ரிசார்ட்டிலும் லைவ்அபோர்டிலும் விற்பார்கள்.

பல படகுகளில் ஒரு வழக்கம் உண்டு: முதல் கிளாஸைத் தொட்டவுடன் அன்றைய டைவிங் முடிந்தது. கடைசி டைவ் மதியம் இரண்டு, இரண்டரைக்கு முடிந்தாலும், முன்பு சொன்ன ஆறு மணி நேரக் கணக்கில் எட்டு, எட்டரைக்குத்தான் கிளாஸ் பக்கம் போக முடியும்; இரவு டைவும் இருந்தால் அன்றைக்குக் கிளாஸே இல்லை. மறுநாள் முதல் டைவ் ஆறு, ஆறரைக்கே. நடுவில் பத்து மணி நேரம்தான், அந்த 12 மணி நேரம் கிடைக்காது. அந்த இடைவெளியில் 330 மில்லி பீர் ஒன்று அல்லது 30 மில்லி இரண்டு, அதுவே என் கணக்கில் எல்லை. அதற்கு மேல் வேண்டுமென்றால் காலை டைவை விட்டுவிடுங்கள். காசு கொடுத்தது கொடுத்ததுதான் என்று இறங்குவது ரொம்பத் தப்பான கணக்கு. போய்ச் சேரும் நாளிலேயே செக் டைவ் (திறமையைப் பார்க்கும் முதல் டைவ்) இருக்கலாம் என்பதால் விமானத்தில் கொடுக்கும் வைனையும் வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். குடித்த ராத்திரி தனியாக மேல்தளத்துக்குப் போகாதீர்கள். ஓடும் படகிலிருந்து இருட்டில் விழுந்தால் யாருக்கும் சத்தம் கேட்காது.

எர்ணாகுளம்: லட்சத்தீவில்?

பங்காரம் தீவு தவிர எங்கும் மதுவிலக்கு. பையில் ஒளித்தும் கொண்டுபோகாதீர்கள்.

யாழ்ப்பாணம்: நிலாவெளியில புறாத்தீவு டைவ். என்ரை பட்டி (சோடியா இறங்குறவர்) காலையிலேயே சாராயம் மணத்துக்கொண்டு வாறார். என்ன சொல்லுறது?

டேங்கைத் தூக்குவதற்கு முன்பே, கரையிலேயே சொல்லுங்கள். பட்டி என்பவர் உங்கள் இரண்டாவது காற்றுக் குழாய். உங்கள் காற்று தீர்ந்தால் அவருடைய ஆக்டோபஸைத்தான் எடுப்பீர்கள். ‘இன்று உங்களோடு இறங்கவில்லை, நாளைக்கு இறங்குவோம்’ என்றால் போதும், சண்டை தேவையில்லை. வேறு பட்டி கேளுங்கள், கிடைக்காவிட்டால் ஸ்நார்கெல் செய்யுங்கள். மணப்பவர் டைவ் மாஸ்டராக இருந்தாலும் இதே பதில்தான். எந்த டைவையும் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமலே நிறுத்த ஒவ்வொரு டைவருக்கும் உரிமை உண்டு. வேறு வழிகாட்டியைக் கேளுங்கள், கடைக்காரரிடம் சொல்லுங்கள், முன்பணம் திரும்ப வருமா என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

ஈரோடு: வயசு 52. பிபி மாத்திரை சாப்பிடறேன், தினமும் சாயங்காலம் ஒரு குவார்ட்டர் பழக்கம். டிரிப்புக்காக நாலு நாள் மட்டும் நிறுத்திட்டுப் போகலாம்னு இருக்கேன் சார்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தினமும் குடிக்கும் உடம்பு திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வரலாம். சிலருக்குக் கடைசிக் கிளாஸிலிருந்து 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பும் வரும். அந்த 48 மணி நேரம்தான் உங்கள் முதல் டைவின் நேரம். தண்ணீருக்கடியில் வலிப்பு வந்தால் ரெகுலேட்டர் வாயைவிட்டு நழுவிவிடும். பெரும்பாலும் பிழைக்க மாட்டார்கள்.

பிபியும் தனிக்கதை. கழுத்துவரை தண்ணீரில் இறங்கினாலே கால், வயிற்றில் இருந்த ரத்தம் அரை லிட்டருக்கு மேல் மார்புக்குள் தள்ளப்படும். இதயத்துக்குச் சுமை ஏறும். பிபி உள்ளவர்களுக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் அபாயம் அதிகம். தினக் குடியும் பிபியை ஏற்றும். டைவ் கடையில் கொடுக்கும் மருத்துவப் படிவத்தில் பிபிக்கும் குடிப்பழக்கச் சிகிச்சைக்கும் கேள்விகள் இருக்கும், மறைக்காதீர்கள். பயணத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே டாக்டரைப் பார்த்து, அவர் மேற்பார்வையில் குறைத்து, டிரெட்மில் பரிசோதனை தேவையா என்று கேட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள். உங்கள் விஷயத்தில் நான்கு நாள் நிறுத்தம் என்பது எல்லாவற்றிலும் மோசமான வழி.

கோவை: பன்னிரண்டு பேர், ஹேவ்லாக், நாலு நாள். பாதிப் பேர் குடிப்பாங்க. எப்படிப் பிளான் பண்றது?

எல்லா டைவையும் காலை வேளைக்கே கேளுங்கள், மதியம் 12க்குள் முடியட்டும். முதல் இரண்டு ராத்திரியும் 6 மணிக்கு மேல் தொடங்கி ஏழுக்குள் முடிக்க வேண்டும், ஆளுக்கு 30 மில்லி இரண்டு அல்லது 5 சதவீத பீர் ஒன்று. மறுநாள் காலை 7 மணிப் படகுக்கு அது போதிய இடைவெளி. பெரிய பார்ட்டி மூன்றாம் நாள் மாலை, நான்காம் நாள் டைவ் கிடையாது. பல நாள் தொடர்ந்து டைவ் செய்தவர் விமானம் ஏற 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே அடங்கிவிடும். மூன்றாம் நாள் மதியம் மேலே வந்தவருக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கே அந்த 18 முடிந்துவிடும்.

இதைப் பணம் வசூலிக்கும்போதே சொல்லிவிடுங்கள். தீவில் போய்ச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள். மீறியவருக்கு மறுநாள் டைவ் இல்லை, பணமும் திரும்பாது. இன்சூரன்ஸ் எடுப்பவர்கள் பாலிசியைப் படித்துப் பாருங்கள், குடித்திருக்கும்போது நடந்தவற்றுக்குப் பல பாலிசிகள் பணம் தராது. பார்ட்டி முடிந்து யாரையும் ராத்திரி கடலில் குளிக்க விடாதீர்கள். அந்தமானில் உப்புநீர் முதலை உண்டு. 2010இல் ஹேவ்லாக்கிலேயே ஸ்நார்கெல் செய்துகொண்டிருந்த பயணி ஒருவர் அதனிடம் உயிரை விட்டிருக்கிறார். வாடகை ஸ்கூட்டர் சாவிகளைப் பார்ட்டி தொடங்கும்போதே குடிக்காத ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.